வெப்பம் முந்தியதா, வாயு முந்தியதா?

அன்பு நண்பனுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி கல்லூரியில் சேர்ந்த செய்தியைப் படித்து எங்கள் எல்லாருக்கும் சந்தோஷம். கண் அறுவை சிகிச்சை முடிந்து எனக்கு எழுத்து தெளிவாகத் தெரிகிறது. அதனால் உன் கேள்விக்குச் சற்று நீளமாகவே பதில் எழுதுகிறேன்.

பனியுகங்கள் முடிந்தபோது முதலில் வெப்பம்தான் ஏறியது, கரியமில வாயு அப்புறம்தான் கூடியது. பிறகு இன்று பூமி சூடாவதற்கு எப்படி வாயுவைக் காரணம் சொல்வது என்று உன் மருமகன் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. இதைக் கேட்பவரை விவரம் தெரியாதவர் என்று ஒதுக்குவது எனக்குப் பிடிப்பதில்லை.

அண்டார்க்டிகாவில் டோம் சி என்ற இடத்தில் 3 கிலோமீட்டருக்கு மேல் துளையிட்டு எடுத்த பனியில், கடந்த 8 லட்சம் ஆண்டுகளின் காற்று குமிழி குமிழியாக அடைபட்டிருக்கிறது. அந்தக் காலம் முழுக்கக் கரியமில வாயு, காற்றின் பத்து லட்சம் பங்கில் சுமார் 170 முதல் 300 பங்குக்குள்ளேயே ஏறி இறங்கியது. வெப்பமும் கூடவே ஏறி இறங்கியது. சில இடங்களில் வெப்பம் சற்று முந்தியதாகப் பதிவுகள் காட்டியதும் உண்மைதான். ஆனால் எவ்வளவு முந்தியது என்று கணிப்பது கடினம். பனி இறுகிக் குமிழி மூடிக்கொள்ள வெகுகாலம் ஆவதால், உள்ளே இருக்கும் காற்று அதைச் சுற்றியுள்ள பனியைவிட இளையது.

அன்று தொடக்கம் வேறு. பூமியின் சுற்றுப்பாதையும் அச்சின் சாய்வும் மெல்ல மாறி, வடக்கே கோடை வெயில் கூடியது. பனி உருகியது, கடல் நீரோட்டங்கள் மாறின, கடலுக்குள் இருந்த கரியமில வாயு வெளியே வந்தது. வந்த வாயு வெப்பத்தைப் பிடித்துவைத்து உலகம் முழுவதையும் மேலும் சூடாக்கியது. சுற்றுப்பாதை மாற்றத்தை மட்டும் வைத்து அத்தனை பெரிய வெப்ப உயர்வை விளக்கவே முடியாது. ஆக, அன்று வாயு விளைவாகவும் இருந்தது, காரணமாகவும் இருந்தது.

இப்போது கடல் வாயுவை வெளியே விடவில்லை. நாம் வெளியிடுவதில் ஏறக்குறைய கால் பங்கை அதுதான் விழுங்கிக்கொண்டிருக்கிறது. கார்பன்-14 என்பது காலப்போக்கில் சிதைந்து மறையும் கார்பன் வகை. நிலக்கரியிலும் எண்ணெயிலும் அது இருக்காது, அவற்றின் வயது அப்படி. அவற்றை எரித்த புகை காற்றிலுள்ள கார்பன்-14-இன் விகிதத்தைக் குறைத்திருப்பதை ஹான்ஸ் சூஸ் என்ற விஞ்ஞானி 1950-களிலேயே கண்டார். எனவே இன்று கூடியிருக்கும் வாயு எங்கிருந்து வந்தது என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை.

சூரியன்தான் காரணம் என்பாரானால் இதையும் சொல். அப்படியானால் வளிமண்டலத்தின் மேலடுக்கும் சூடாக வேண்டும். ஆனால் கீழே சூடேற, மேலே உள்ள அடுக்கு மண்டலம் குளிர்ந்துகொண்டிருக்கிறது. கரியமில வாயு கூடினால் இப்படித்தான் ஆகும் என்று மனாபே, வெதரால்ட் என்ற விஞ்ஞானிகள் 1967-இலேயே கணக்கிட்டுச் சொன்னார்கள். என்னை முழுமையாக நம்பவைத்த சான்று இதுதான்.

என்னைக் கலங்கவைப்பது வேறொன்று, வேகம். கடைசிப் பனியுகம் முடிந்தபோது வாயு சுமார் 80 பங்கு கூட 7,000 ஆண்டுகள் ஆயின. 1958-இல் சார்லஸ் கீலிங் என்ற விஞ்ஞானி ஹவாய்த் தீவின் மௌனா லோவா மலையில் அளக்கத் தொடங்கியபோது 315 பங்கு இருந்தது. இன்று 420-ஐத் தாண்டிவிட்டது. நூறு பங்குக்கு மேல் கூடியது, நம் இருவரின் ஆயுளுக்குள்! காடுகளும் பவளப்பாறைகளும் இந்த வேகத்துக்கு எப்படி ஈடுகொடுக்கும்?

வெப்பத்தைப் பிடித்துவைக்கும் இன்னொரு வாயுவான மீத்தேனைப் பற்றியும் கேட்டிருந்தாய். அது காற்றில் சுமார் 12 ஆண்டுகள்தான் நிற்கும் என்பதால், கசிவுகளை அடைத்தால் பலனை நாமே பார்க்கலாம். கரியமில வாயு அப்படியல்ல, அதில் ஒரு பகுதி ஆயிரக்கணக்கான ஆண்டுகள் தங்கிவிடும்.

சரி, இதை மருமகனுக்குப் படித்துக் காட்டு. அவர் எங்கே மறுக்கிறார் என்று எழுது, அதற்கும் பதில் எழுதுகிறேன். உன் முழங்கால் வலி எப்படி இருக்கிறது? அதைப் பற்றி இந்த முறை ஒரு வரிகூட எழுதவில்லையே.

அன்புடன்,
உன் பழைய நண்பன்