மழைப்படம் வரையத் தோள் கொடுத்தவர்களுக்கு

அனைவருக்கும் வணக்கம்.

எங்கள் பள்ளிப் பிளஸ் ஒன் புவியியல் பிள்ளைகள் வரைந்த தென்மேற்குப் பருவமழைப் படம் வகுப்புச் சுவரில் ஏறிவிட்டது. செங்கோட்டையில் தொடங்கி தென்காசி, பாவூர்சத்திரம், ஆலங்குளம் வழியாகத் திருநெல்வேலி வரை நீளும் படம். அடியில் வரைந்தவர்கள் பெயர் இருக்கிறது. அளந்து கொடுத்தவர்கள் பெயரையெல்லாம் எழுத இடம் பற்றவில்லை. சிலர் "நம்ம பேரெல்லாம் எதுக்கு சார்" என்று மறுத்தும்விட்டார்கள். அதனால்தான் இந்த மடல்.

முதல் நன்றி வீட்டுப் பெரியவர்களுக்கு. மழை அளவைக் காலை 8.30 மணிக்கு எடுக்க வேண்டும். வானிலைத் துறையின் கணக்கு அதுதான். முந்தைய 24 மணி நேர மழை அந்த நேரத்தோடு முடியும். அந்த நேரத்தில் எங்கள் பிள்ளைகள் பாதிப் பேர் பஸ்ஸில் நிற்பார்கள். அவர்களுக்குப் பதிலாக மழைமானியின் அளவு சாடியைக் கண் மட்டத்துக்குத் தூக்கிப் பார்த்து, காலண்டர் தாளில் குறித்து வைத்தவர்கள் ஆச்சிகளும் தாத்தாக்களும். மழை பெய்யாத நாளுக்கும் மறக்காமல் பூஜ்யம் போட்டீர்களே, அதற்குத் தனியாக ஒரு கும்பிடு. குறிக்காமல் விட்ட நாளை வைத்துக்கொண்டு எங்களால் எதுவும் செய்ய முடியாது. ஆலங்குளம் பக்கம் வரிசையாக விழுந்த பூஜ்யங்கள்தான் மலை மறைப்பதால் மழை குறைந்துபோகும் மழை மறைவுப் பகுதி எங்கே தொடங்குகிறது என்று காட்டிக் கொடுத்தன.

மழைமானியை நாங்களே செய்துகொண்டோம். புனலின் வாய் 10 செ.மீ. விட்டம். பரப்பு 78.5 சதுர செ.மீ. அப்படியானால் 1 மி.மீ. மழைக்குச் சாடியில் 7.85 மி.லி. தண்ணீர் நிற்க வேண்டும் என்று கரும்பலகையில் போட்டுக் காட்டிய கணக்கு ஆசிரியருக்கு நன்றி. வட்டத்தின் பரப்புக்கு இப்படி ஒரு வேலை உண்டு என்று அன்றைக்குத்தான் பல பிள்ளைகளுக்குத் தெரிந்தது. புனல் வாய் தரையிலிருந்து 30 செ.மீ. உயரத்தில், சாயாமல் நிற்க வேண்டும். பக்கத்து மரமோ சுவரோ எவ்வளவு உயரமோ அதைப்போல் இரண்டு மடங்காவது தள்ளி இருக்க வேண்டும். ஒரு மாணவியின் அப்பா கொத்தனார். வீடு வீடாகப் போய் ரசமட்டம் வைத்துப் பார்த்து உட்கார வைத்தார். கூலி வாங்கவில்லை. அண்ணாச்சி, கடன் இருக்கிறது.

மலையடிவார அளவுகளுக்கு அணைகளை நம்பினோம். குண்டாறு, அடவிநயினார் அணைகளில் மழைமானி பார்க்கும் ஊழியர்கள் கருவியைத் திறந்து காட்டி, பதிவேட்டில் எழுதும் முறையையும் சொல்லிக் கொடுத்தார்கள். குற்றாலத்தில் சீசன் என்றால் குண்டாறு சீக்கிரம் நிரம்பும் என்பது ஊரறிந்த சேதி. அதே வாரத்தில் எங்கள் ஊர்க் குளம் வெடித்துக் கிடப்பது ஏன் என்பதுதான் பிள்ளைகள் பதில் சொல்ல வேண்டிய கேள்வி.

அதற்குப் பெரிய துப்பு கொடுத்தவர் பேருந்து ஓட்டுநர் ஒருவர். செங்கோட்டை – திருநெல்வேலி தடத்தில், சாரல் நின்று வைப்பரை அணைக்கும் இடத்தைத் தேதியோடு டிக்கெட் தாளின் பின்பக்கம் குறித்துக் கொடுத்தார். காற்று மந்தமான நாளில் தென்காசி தாண்டுவதற்குள் வைப்பர் நின்றுவிடும். பலமான நாளில் பாவூர்சத்திரம் வரை ஓடும். எந்தப் பாடநூலிலும் இப்படி ஒரு தரவு கிடைக்காது. எங்கள் படத்தில் சிவப்புப் புள்ளிகளாக இருப்பவை அவர் தந்தவை.

அந்தப் புள்ளிகளை வைத்துத்தான் பிள்ளைகள் விளக்கத்தைக் கட்டினார்கள். அரபிக்கடல் காற்று மலையின் மேற்குச் சரிவில் ஏறும்போது குளிர்ந்து, சரக்கில் பெரும்பகுதியைக் கேரளத்திலேயே இறக்கிவிடுகிறது. ஆரியங்காவு கணவாய் வழியே நுழைந்து வருவது நமக்குச் சாரல். அதன்பின் காற்று கீழே இறங்க இறங்கச் சூடேறுகிறது. ஈரமில்லாத காற்று என்றால் ஒரு கிலோமீட்டர் இறக்கத்துக்குப் பத்து டிகிரி வரை. மேகம் கரைந்துபோகிறது, காற்றின் வேகம் மட்டும் மிஞ்சுகிறது. அந்த மிச்சத்தில்தான் காற்றாலைகள் சுழல்கின்றன.

ஒரே அளவு மழை பெய்த இடங்களை இணைக்கும் சம மழைக் கோடு போடுவதற்கு அட்டையில் குண்டூசி குத்தி, நூலை நகர்த்திப் பார்க்கச் சொன்னவர் ஓவிய ஆசிரியர். கம்ப்யூட்டரே வண்ணம் பூசித் தருமே என்று கேட்டவர்கள் உண்டு. தரும், அழகாகவும் தரும். ஆனால் கோடு ஏன் அந்த இடத்தில் வளைகிறது என்று நூலைப் பிடித்துக்கொண்டு இரண்டு பேர் சண்டை போட வேண்டும். எனக்கு அந்தச் சண்டைதான் பாடம்.

தாமிரபரணிப் பாசன விவசாயிகள் வகுப்புக்கு வந்து கார், பிசானம் என்று இரண்டு நெல் பருவத்தையும் விளக்கினார்கள். கார் நெல்லுக்கு மலையில் பெய்யும் ஆனி, ஆடி மழை. பிசானத்துக்கு ஐப்பசி, கார்த்திகை. இரண்டு பருவமழையையும் ஒரே ஆறு வாங்கிக்கொள்வதை இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்லியிருக்க முடியாது.

ஒப்பிட்டுப் பார்க்க, 2023 டிசம்பர் 17, 18 தேதிகளின் மழையையும் வரைந்தோம். காயல்பட்டினம் 95 செ.மீ., திருச்செந்தூர் 69, ஸ்ரீவைகுண்டம் 62. ஆடியில் வறண்டு கிடக்கும் கடற்கரைப் பக்கம்தான் அன்றைக்கு மழையின் நடுமையம். குமரிக்கடல் பகுதியில் நிலைகொண்ட காற்றுச் சுழற்சி ஈரக்காற்றைக் கிழக்கிலிருந்து இழுத்து வந்தது. தண்ணீர் வீட்டுக்குள் ஏறிய உயரத்தை எங்கள் பிள்ளைகளிடம் பொறுமையாகச் சொன்ன ஸ்ரீவைகுண்டம் பக்கத்துக் குடும்பங்களுக்கு நன்றி. அந்த நாளை மறுபடி பேசுவது எளிதில்லை என்று தெரியும்.

படத்தின் நகல் வேண்டுவோர் பள்ளி அலுவலகத்தில் வாங்கிக்கொள்ளலாம். அடுத்தது வடகிழக்குப் பருவமழைப் படம், ஆகவே வீடுகளில் உள்ள மழைமானிகளை எடுத்துவிட வேண்டாம். வேதியியல் ஆசிரியருக்கு ஒரு வேண்டுகோள்: இரவல் வாங்கிய அளவு சாடிகளை மார்கழி வரை எங்களிடமே விட்டுவைக்க வேண்டும். அதில் ஒன்று ஒரு ஆச்சியின் பூஜை அறையில் இருக்கிறது. கேட்கப் போகும் துணிச்சல் எங்களில் யாருக்கும் இல்லை.

நன்றியுடன்,
புவியியல் ஆசிரியரும் பிளஸ் ஒன் மாணவ, மாணவியரும்