படிப்பகத் திருப்பணி நிறைவு அறிக்கை

அன்பார்ந்த உறுப்பினர்களுக்குத் திருப்பணிக் குழுவின் வணக்கம்.

காசிமேட்டில் மாநகராட்சி இடத்தில் நிற்கும் நம் படிப்பகத்தின் சீரமைப்புப் பணி நிறைவடைந்தது. கோயில் பணிக்கு வழங்கும் சொல்லைப் பொதுக்குழு இதற்குச் சூட்டியது பொருத்தமே என்று கருதுகிறோம். பழைய தாரைச் சுரண்டாமல் மேன்மேலும் சாலை போடப்பட்டதால் படிப்பகத்தின் தரை தாழ்ந்துபோய், ஐப்பசி, கார்த்திகை மழையில் உள்ளே தண்ணீர் புகுந்ததை அனைவரும் அறிவோம். இப்போது தரை உயர்த்தப்பட்டு, மேற்கூரையின் ஒழுகல் அடைக்கப்பட்டு, பெண்களுக்குத் தனிக் கழிப்பறையும் கட்டப்பட்டுள்ளது.

அக்கழிப்பறை முதல் மதிப்பீட்டில் இல்லை. நாங்கள் எழுதிய பட்டியலில் ஓடு பதிப்பதும் வண்ணம் பூசுவதுமே முன்னின்றன. நகர உள்ளாட்சிகளுக்கு அரசமைப்புத் தகுதி தந்த 74-ஆவது அரசமைப்புச் சட்டத் திருத்தம் 1993-இல் நடைமுறைக்கு வந்தபோதும், வார்டு குழு, வார்டின் ஒவ்வொரு பகுதி மக்களும் கூடித் தேவைகளைச் சொல்லும் பகுதி சபை ஆகியவற்றுக்கான விதிகள் தமிழ்நாட்டில் 2022-இல்தான் வந்தன. அவ்விதிகளின்படி நம் பகுதியில் கூடிய சபையில் பட்டியலை வாசித்தபோது, போட்டித் தேர்வுக்குப் படிக்கும் பெண்களின் தாய்மார் எழுந்து, கழிப்பறை இல்லாத இடத்துக்குப் பிள்ளைகளைப் பகல் முழுவதும் எவ்வாறு அனுப்புவது என்று கேட்டார்கள். ஆண்கள் மட்டுமே இருந்த குழுவுக்கு இது தோன்றாதது எங்கள் குறையே. அன்றே ஓடும் வண்ணமும் பின்னுக்குத் தள்ளப்பட்டன. குழுவில் பெண்களும் சேர்க்கப்பட்டார்கள்.

நமக்கு நாமே திட்டத்தின்படி மதிப்பீட்டில் மூன்றில் ஒரு பங்கை நாம் செலுத்தினோம். எஞ்சியதை அரசு தந்தது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் படகுத் தொழிலாளர் வீடுகளில் வசூல் கேட்பதில்லை என்று முடிவெடுத்திருந்தோம். தடை நீங்கியதும் அவர்களே தேடிவந்து கட்டினார்கள். குழு அவர்களுக்குக் கடமைப்பட்டிருக்கிறது. வரவு செலவுக் கணக்கு, ரசீது எண்களோடு படிப்பகச் சுவரில் ஒட்டப்பட்டுள்ளது.

முடியாமல் நிற்பது தெருமுனை மழைநீர் வடிகால் இணைப்பு மட்டுமே. அதற்கான மனுவை, ஏப்ரலில் தொடங்கும் நிதியாண்டுக்குரிய மாநகராட்சி வரவு செலவுத் திட்டம் மன்றத்தில் நிறைவேறிய பிறகே கொடுத்தோம். ஒதுக்கீடு முடிந்தபின் போய்ச் சேரும் மனு எவ்வளவு நியாயமானதாயினும் அடுத்த ஆண்டுக்குக் காத்திருக்க நேர்கிறது. 2023-24 மாநில நிதிநிலை அறிக்கையில் வட சென்னை வளர்ச்சித் திட்டத்துக்கு மூன்று ஆண்டுகளில் 1,000 கோடி ரூபாய் என்று அறிவிக்கப்பட்டபோது, நம் தெருவின் தேவை எழுத்தில் எங்குமே இல்லை. 1996-இல் கேரளத்தில் தொடங்கிய மக்கள் திட்ட இயக்கத்தில், திட்டம் வகுக்கும்போதே ஊர்க் கூட்டங்களில் மக்களின் தேவைகள் கேட்டு எழுதப்பட்டன. அந்த வரிசைமுறையையே நாமும் பின்பற்ற வேண்டும் என்பது குழுவின் உறுதியான கருத்து.

ஆகவே, வடிகாலுக்கான புதிய மனுவை வரைந்து படிப்பகத்தில் வைத்திருக்கிறோம். வீட்டுக்கு ஒருவராவது வந்து படித்து, திருத்தம் இருப்பின் எழுதி, கையொப்பமிடக் கேட்டுக்கொள்கிறோம். அடுத்த பகுதி சபையில் அதைத் தாய்மார்களில் ஒருவரே வாசிப்பார்.

இங்ஙனம்,
திருப்பணிக் குழுவினர்