700 ரூபாய் அறைக்கும் காற்று வேண்டும்

காரைக்குடி, தேவகோட்டை வட்டாரத்தில் தங்கும் விடுதி நடத்துகிற அன்பர்களுக்கு,

வணக்கம். நான் கோட்டையூர்க்காரன். திருச்சியில் பள்ளி ஆசிரியராக இருக்கிறேன். ஊரில் எங்களுக்கு வீடு இருக்கிறது. முகப்பில் நுழைந்தால் பின்கட்டு வழியாக அடுத்த தெருவில் இறங்கலாம், அவ்வளவு நீளம். ஆனால் 11 புள்ளிக்கு, அதாவது 11 பங்காளிக் குடும்பங்களுக்கு, பொதுவான வீடு. முன்னோரை நினைத்துப் படையலிடும் படைப்புக்கும் திருமணத்துக்கும் மட்டும் கதவு திறக்கும். மற்ற நாளில் பங்காளிகளிடம் பேசித்தான் சாவி வாங்க வேண்டும். அதனால் ஆண்டுக்கு நான்கைந்து முறை சொந்த ஊருக்கு வருகிற நான் உங்கள் விடுதிகளில்தான் தங்குகிறேன். பிள்ளையார்பட்டிக்கும் குன்றக்குடிக்கும் வருகிறவர்கள், அழகப்பா பல்கலைக்கழகத்தில் பிள்ளையைச் சேர்க்க வருகிறவர்கள், கல்யாண வீட்டில் இடம் போதாமல் வெளியே தங்கும் உறவினர்கள் எல்லோருக்கும் நீங்கள்தான் கதி.

இந்தக் கோடையில் 15 நாள் இடைவெளியில் இரண்டு ஊர்களில் மலிவு விடுதியில் தங்கினேன். ஒன்று தார்ப் பாலைவனத்து ஜெய்சால்மேர். மற்றொன்று நம் காரைக்குடி. பாலைவனத்தில் நன்றாகத் தூங்கினேன். காரைக்குடியில் ஒரு பொட்டுக் கண் மூடவில்லை. அது மனத்தை அறுத்துக்கொண்டே இருப்பதால் எழுதுகிறேன்.

என் தங்கை மகன் எல்லைப் பாதுகாப்புப் படையில் இருக்கிறான். ஜெய்சால்மேர் பக்கம் பணி. "விடுப்பு கிடைக்கவில்லை அம்மான், அம்மாவை அழைத்துக்கொண்டு நீங்கள் வாருங்கள்" என்றான். எனக்குப் பள்ளி விடுமுறை மே மாதம்தான். அந்த மாதத்தில் அங்கே யாரும் சுற்றுலா போவதில்லை. அவர்களுடைய பருவம் ஐப்பசி முதல் மாசி வரை. தெரிந்தேதான் போனோம். ஜோத்பூரிலிருந்து கிளம்பிய ரயில் பலோடியில் நின்றபோது எதிரே இருந்த பெரியவர் வெளியே கையைக் காட்டி ஏதோ சொன்னார். 2016 மே 19 அன்று 51 டிகிரி பதிவான ஊர் அது. இந்தியாவில் அதுவரை பதிவானவற்றில் அதுவே உச்சம். ஜன்னல் கம்பியைத் தொட்ட என் மனைவி கையை உதறிக்கொண்டாள்.

ஜெய்சால்மேர் கோட்டை 1156-இல் எழுந்தது. இன்றும் அதற்குள் மக்கள் குடியிருக்கிறார்கள். உள்ளேயும் விடுதிகள் உண்டு. ஆனால் குழாய்த் தண்ணீர் வந்த பிறகு, குளியலறைகளிலிருந்தும் சாக்கடையிலிருந்தும் கசியும் நீர் அடிவாரத்து மண்ணில் இறங்கி மதில்களே பெயர்ந்திருக்கின்றன. "கோட்டைக்குள் தங்க வேண்டாம் அம்மான்" என்று தங்கை மகன் சொன்னதால், கீழே ஒரு சந்தில் அறை எடுத்தோம். ஒரு நாளைக்கு 700 ரூபாய். குளிர்சாதனம் கிடையாது.

அந்த ஊரில் மலிவு விடுதிக்கு ஒரு கெட்ட பெயரும் உண்டு. அறையை மலிவாகக் கொடுத்துவிட்டு, சாம் மணல்மேட்டு ஒட்டகச் சவாரிக்குத் தங்களிடமே பணம் கட்டச் சொல்லி நெருக்குவார்கள். மறுத்தால் முகம் மாறிவிடும். இதையும் சொல்லிவிடுகிறேன், அங்கே எல்லாம் தங்கம், இங்கே எல்லாம் தகரம் என்று நான் எழுத வரவில்லை. எங்கள் உரிமையாளரும் இரண்டு முறை ஒட்டகத்தைப் பற்றிக் கேட்டார். வேண்டாம் என்றதும் விட்டுவிட்டார்.

ஆனால் முதல் நாள் சாவியைக் கொடுக்கும் முன்னால் அவர் எங்களை உட்காரவைத்துப் பேசியதை மறக்க முடியாது. எனக்குத் தெரிந்த அரைகுறை இந்தியில் புரிந்துகொண்டது இது: காலை 9 மணிக்கு ஜன்னலை மூடிவிடுங்கள். சூரியன் இறங்கும்வரை திறக்காதீர்கள். இருட்டியதும் கதவு ஜன்னல் எல்லாவற்றையும் திறந்து போடுங்கள். பகலில் குழாயைத் திறக்காதீர்கள், கை வெந்துவிடும். விடியற்காலையில் வாளிகளில் பிடித்து வைத்துவிடுவோம், அதில் குளியுங்கள். மேல்மாடி அறை 500 ரூபாய்தான், ஆனால் வயதானவர்கள் இருந்தால் அதை எடுக்காதீர்கள். இரவில் மொட்டைமாடியில் கட்டில் போட்டிருக்கும், அதற்குக் காசு இல்லை.

காசு கொடுக்கிறவனிடம் "அந்த அறையை எடுக்காதீர்கள்" என்று சொன்ன விடுதிக்காரரை என் வாழ்நாளில் அங்கேதான் பார்த்தேன்.

மறுநாள் பிற்பகல் 3 மணி. வெளியே 45 டிகிரி என்று தொலைபேசி காட்டியது. நான் அறையின் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன். மஞ்சள் மணற்கல் சுவர், ஒன்றரை முழக் கனம். பானையைத் தொட்டதுபோல் இருந்தது. ஜன்னல் சிறியது, பாதிக்கு மேல் துளைத்துளையாகச் செதுக்கிய கல், அதற்கு மேலே நீண்ட கல் சன்ஷேடு. சந்து குறுகல் என்பதால் எதிர்வீட்டு நிழல் எங்கள் சுவரில் விழுந்தது, எங்கள் நிழல் அவர்கள் சுவரில். நடுவில் சின்ன முற்றம். அதன் மூலையில் ஈரத்துணி சுற்றிய பானை. தாழ்வாரத்தில் ஒரே ஒரு கூலர், அதன் பக்கவாட்டில் வெட்டிவேர்த் தட்டி. அதிகாலை ஐந்தரைக்கு ஒரு பையன் ஒவ்வொரு குளியலறையிலும் இரண்டு வாளி நிரப்பிப் பலகையால் மூடிவிட்டுப் போவான். மாலை நான்கு மணிக்கு அந்தத் தண்ணீரில் முகம் கழுவினால் உயிர் திரும்பும்.

ஆண்டுக்கு 200 மில்லிமீட்டரை ஒட்டி மழை பெய்கிற ஊர். நம் சிவகங்கைச் சீமையில் அதைவிட நான்கு மடங்கு பெய்கிறது. அவர்களுக்குக் கடீசர் என்று ஓர் ஏரி, 14-ஆம் நூற்றாண்டில் மழைநீரைத் தேக்க வெட்டியது. அதன் கரையில் நின்றபோது எனக்கு நம் ஊருணிதான் நினைவுக்கு வந்தது. பட்டுவா என்கிற வணிகக் குடும்பத்தின் மாளிகைகளைப் பார்த்தபோது இன்னும் அதிகமாக. ஐந்து பிள்ளைகளுக்காக ஐந்து வீடுகள், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டத் தொடங்கியவை. வட்டிக்கடையும் தூரதேச வியாபாரமும்தான் அவர்கள் தொழில். வெயில் ஊரில் வியாபாரி வீடு கட்டினால் முற்றம் வைப்பான், சுவரைக் கனமாக்குவான், காற்றுக்கு வழி விடுவான். அவர்கள் கல்லில் செய்ததை நம் செட்டிநாட்டு வியாபாரிகள் சுண்ணாம்பிலும் செங்கல்லிலும் பர்மாத் தேக்கிலும் செய்தார்கள்.

எங்கள் அப்பத்தா அந்த விடுதிக்காரர் சொன்னதையே, சொல் மாறாமல், ஒவ்வொரு சித்திரையிலும் செய்தார். பத்து மணிக்கு முகப்புக் கதவு சாத்தப்படும். வெயில் தாழ்ந்ததும் முற்றத்துப் பட்டியக்கல்லில் இரண்டு குடம் தண்ணீர் தெளிப்பார். பிறகு முன்வாசலும் பின்வாசலும் ஒருசேரத் திறக்கும். நிலைகள் எல்லாம் ஒரே நேர்கோட்டில் இருப்பதால் இந்தத் தெருவில் நுழைகிற காற்று அந்தத் தெருவில்தான் வெளியேறும். நாட்டு ஓட்டை அடுக்கடுக்காய் வேய்ந்த கூரை, முட்டை வெள்ளைக்கரு கலந்து மெருகேற்றிய சுவர், ஆத்தங்குடிக் கல் பதித்த தரை. வெறுங்காலில் நடந்தால் போதும். மின்விசிறியே இல்லாத அந்தப் பட்டாலையில் 20 பிள்ளைகள் வரிசையாகத் தூங்கினோம்.

இப்போது காரைக்குடிக்கு வருகிறேன். ஊர் திரும்பி 15 நாளில் மனைவி வழியில் ஒரு கல்யாணம். விடுதி எது என்று எழுதப் போவதில்லை. பெயரைச் சொல்லி ஒருவரைக் கூண்டில் ஏற்றுவது என் நோக்கமில்லை. மூன்றாம் மாடி, கடைசித் தளம், 900 ரூபாய். ஜன்னல் அலுமினியச் சட்டம், கண்ணாடி நகரவில்லை. திருகாணி வைத்து முடுக்கியிருந்தார்கள். நகர்ந்திருந்தாலும் அது நடைபாதையைப் பார்த்த ஜன்னல். மேலே வெறும் கான்கிரீட் தளம். பகல் முழுவதும் குடித்த வெயிலை அது இரவு முழுவதும் கக்கியது. மின்விசிறி அதை அள்ளி எங்கள் மேல் போட்டது. குளியலறைக் குழாயில் இரவு 11 மணிக்கும் வெந்நீர், மாடியில் நிழலில்லாமல் நிற்கும் கறுப்புத் தொட்டியிலிருந்து.

எங்களோடு என் மாமியார் இருந்தார். 78 வயது. இரவு ஒரு மணிக்கு மேல் அவருக்கு நெஞ்சு படபடத்தது, பேச்சு குழறியது. ஈரத்துண்டைக் கழுத்தில் போட்டு, கைத்தாங்கலாக இரண்டு மாடி இறக்கி, படிக்கட்டுத் திருப்பத்தில் பாயை விரித்து உட்காரவைத்தோம். அங்கேதான் ஒரு கை அகலத்துக்குத் திறப்பு இருந்தது, காற்று வந்தது. விடியும்வரை என் மனைவி விசிறிக்கொண்டே இருந்தாள். விடியலில் மகளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு மாமியார் கேட்டார்: "நம் ஊரில் இப்படி ஒரு வீடு யார் கட்டினார்கள்?"

வரவேற்பில் இருந்த பையன், ஏசி அறை எடுத்திருக்கலாமே என்றான். அவன் மேல் எனக்குக் கோபமில்லை. அவனும் அந்த மேசைக்குக் கீழேதான் படுக்கிறான்.

உங்கள் கஷ்டம் எனக்குத் தெரியாமல் இல்லை. வணிக மின்கட்டணம், சொத்து வரி, இணையத்தில் அறை பதிந்து தருகிற நிறுவனங்கள் எடுத்துக்கொள்ளும் கமிஷன், கல்யாண மாதம் தவிர மற்ற மாதங்களில் காலியாகக் கிடக்கும் அறைகள். காரைக்குடி 2024-இல் மாநகராட்சி ஆனது. அதற்கேற்ற செலவும் கூடத்தான் செய்யும். எல்லா அறைக்கும் குளிர்சாதனம் போடுங்கள் என்று நான் கேட்கவில்லை. இடித்துவிட்டு முற்றம் வைத்துக் கட்டுங்கள் என்றும் கேட்கவில்லை. பாலைவனத்தில் பார்த்ததை அப்படியே கொண்டுவரவும் முடியாது. அங்கே காற்று காய்ந்தது, இரவில் மளமளவென்று குளிர்ந்துவிடும், கூலர் அங்கே அமிர்தம். நம் இரவில் ஈரம் கூடுதல், கூலரை வைத்தால் உடம்பு பிசுபிசுக்கும், அவ்வளவுதான்.

ஆனால் மொட்டைமாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்பு அடிக்கலாமே. பங்குனியில் ஒரு முறை, வைகாசியில் ஒரு முறை. சுண்ணாம்பு அடித்த தளத்தில் நடுப்பகலில் காலை வைத்துப் பாருங்கள், அடிக்காத தளத்தில் வைத்துப் பாருங்கள், நான் சொல்ல வேண்டியதில்லை. தண்ணீர்த் தொட்டிக்கு மேலே ஒரு தென்னங்கீற்றுப் பந்தல் போடலாம். திருகாணியைக் கழற்றி ஜன்னலைத் திறந்து, கொசுவலை அடிக்கலாம். விடியற்காலையில் வாளிகளை நிரப்பி வைக்க ஒரு பையன் போதும். வரவேற்பில் ஒரு மண்பானை. இரவில் மாடிக் கதவைப் பூட்டாமல், நாலு கயிற்றுக் கட்டில். கைப்பிடிச் சுவரை மட்டும் நெஞ்சு உயரத்துக்கு எழுப்பிவிடுங்கள், குழந்தைகள் வருவார்கள்.

எல்லாவற்றுக்கும் முன்னால், காசு செலவே இல்லாத ஒன்று. மேல்தளத்து அறை சுடும் என்று வாய்திறந்து சொல்லுங்கள். முதியவர்களையும் கைக்குழந்தைக்காரர்களையும் கோடையில் அங்கே ஏற்றாதீர்கள். 2024-இல் தமிழக அரசே வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்துவிட்டது. அன்று இரவு என் மாமியாருக்கு ஏதாவது ஆகியிருந்தால் அந்த விடுதிக்காரரும்தான் ஆயுளுக்கும் அதைச் சுமந்திருப்பார்.

இன்னொன்றும் கேட்க வேண்டும். நம் பழைய வீடுகள் சில இப்போது பாரம்பரிய விடுதிகளாகிவிட்டன. 2014-இல் செட்டிநாட்டு ஊர்கள் யுனெஸ்கோவின் உத்தேசப் பட்டியலிலும் ஏறின. பெருமைதான். அந்த வீடுகள் இடிபடாமல் நிற்பதற்கு அந்த விடுதிகளும் ஒரு காரணம், அவர்களை நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் அங்கே ஒரு இரவுக்கு ஆயிரக்கணக்கில் கொடுக்கிற வெளிநாட்டுக்காரர் எங்கள் அப்பத்தா தூங்கிய பட்டாலைக் குளிர்ச்சியில் தூங்குகிறார். பிள்ளையார்பட்டிக்கு மஞ்சள் பையோடு வருகிற குடும்பம் கான்கிரீட் பெட்டியில் வேகிறது. காசியில் சத்திரம் கட்டி, போகிறவர்களுக்கெல்லாம் படுக்க இடம் கொடுத்த ஊர் இது. நீங்கள் எந்தச் சமூகத்தைச் சேர்ந்தவராகவும் இருக்கலாம். இந்த மண்ணில் வழிப்போக்கனுக்குக் கதவு திறக்கிற தொழிலைச் செய்கிறீர்கள், அதனால் உங்களிடம்தான் கேட்க முடியும்.

வருகிற வைகாசியில் எங்கள் வீட்டில் படைப்பு. வெளியூரிலிருந்து 50 பேருக்கு மேல் வருகிறார்கள். இரண்டாம் கட்டு ஒழுகுவதால் வீட்டில் பாதிப் பேருக்குத்தான் படுக்க இடம். மற்றவர்களுக்கு 10 அறை பேசும் பொறுப்பு என்னுடையது. பங்குனி கடைசியில் வந்து ஒவ்வொரு விடுதியாக ஏறி இறங்குவேன். ஜன்னலைத் தள்ளிப் பார்ப்பேன். நடுப்பகலில் மொட்டைமாடிக்குப் போய்ச் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பேன். கால் பொறுத்தால் அன்றைக்கே முன்பணம் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
கோட்டையூர்க்காரன் ஒருவன்