ஒரு கோல் அடிச்சதும் ஏன் பின்னாடி ஓடணும்?

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம். கோத்தகிரி காந்தி மைதானத்துல சின்ன வயசுல இருந்து ஃபுட்பால் பாக்குறவன் நான், மனசு பொறுக்காமத்தான் எழுதுறேன். எங்க டீம் ஒரு கோல் போட்டுட்டா போதும், ஃபார்வர்டு பசங்களையும் கோச் கீழ இறங்கச் சொல்லிடுறாரு, பத்து பேரும் பெனால்டி பாக்ஸ் முன்னாடி நின்னு வர்ற பந்தையெல்லாம் தூக்கி அடிக்க, அதை வாங்க முன்னாடி ஒரு ஆள் கிடையாது, பந்து நேரா எதிர் டீம்கிட்ட போயி மறுபடியும் நம்ம கோலுக்கே வருது. போன ஞாயித்துக்கிழமை கடைசி அஞ்சு நிமிஷத்துல ரெண்டு கோல் வாங்கித் தோத்தோம்.

2004 யூரோ கப்பை கிரீஸ் டிஃபென்ஸ் ஆடித்தானே ஜெயிச்சதுன்னு கேக்குறாங்க. சரிதான், ஆனா ஃபைனல்ல போர்ச்சுகலை முடிச்சது ஒரு கார்னர்ல வந்த ஹெட்டர், முன்னாடி போக ஆள் வச்சிருந்தாங்கல்ல? பேக் பாஸை, அதாவது சொந்த டீம் ஆளே காலால பின்னாடி தள்ளி விடுற பந்தை, கோல்கீப்பர் கையால எடுக்கக் கூடாதுன்னு 1992ல ரூல் வந்ததே இப்படி நேரம் கடத்துறத நிறுத்தத்தான்.

தேயிலைத் தோட்டத்து மேட்டுல ஓடி வளந்த பசங்க சார், அவ்ளோ வேகம். லீட் எடுத்த பிறகும் விங்குல, அதாவது மைதானத்து ஓரங்கள்ல, ரெண்டு பேரையாவது முன்னாடி நிக்க விடுங்க.

- ஒரு வாசகன், கோத்தகிரி