கைராசி மேல் பழி போடாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

ஞாயிறு இணைப்பில் ஒரு வாசகர், "பான்ஸி பூச்செடி வைத்தேன், மூன்றே வாரத்தில் கருகிவிட்டது, எனக்குக் கைராசி இல்லை" என்று எழுதியிருந்தார். பாவம், அவர் கையில் ஒரு குறையும் இல்லை. வாங்கிய நேரம்தான் சரியில்லை.

நானும் அப்படி ஏமாந்தவள்தான். குளிர் விடப்போகிற சமயத்தில், பூத்துக் குலுங்கிய பன்னிரண்டு செடிகளை வாங்கி வந்தேன். பத்து நாள் அழகோ அழகு. அப்புறம் வெயில் ஏற ஏறத் தண்டு நெடுநெடுவென வளர்ந்து சாய்ந்தது. பூ கட்டைவிரல் நகம் அளவுக்குச் சுருங்கியது. வாடுகிறதே என்று தண்ணீரைக் கொட்டினேன். வேர் அழுகி, பன்னிரண்டும் போயின.

லேசான உறைபனியில் துவண்டாலும் பான்ஸி மறுபடி நிமிர்ந்துவிடும். அதற்கு எமன் வெப்பம்தான். குளிர் தொடங்கும்போதே நட வேண்டும். ஆனால் அப்போது நர்சரியில் இருப்பது பூவில்லாத குட்டை நாற்று. அதை யார் திரும்பிப் பார்க்கிறோம்?

இப்போது நானே விதை போடுகிறேன். இருட்டில்தான் நன்றாக முளைக்கும் என்பதால் மண் தூவி, விதைத்தட்டின் மேல் அட்டை போட்டு மூடிவிடுவேன். இரண்டு வாரத்துக்குள் முளை தெரியும். தெரிந்த அன்றே அட்டையை எடுத்துவிட வேண்டும்.

வதங்கிய பூவைக் காம்போடு கிள்ளுங்கள். இதழை மட்டும் கிள்ளினால் அடியில் காய் தங்கிவிடும். செடி விதையில் கவனம் வைத்துப் பூப்பதைக் குறைத்துக்கொள்ளும். வேடிக்கை பார்க்க ஒன்றிரண்டு காய்களை மட்டும் விட்டுவைப்பேன். தலைகுனிந்திருந்த காய் முற்றியதும் நிமிர்ந்து, மூன்று குட்டி ஓடங்களாகப் பிளக்கும். காயக் காய ஓடத்தின் இரு ஓரமும் நெருங்கி, விதைகளை ஒவ்வொன்றாகப் பிதுக்கித் தெறிக்கவிடும்.

இன்னொன்று. பான்ஸியின் 'முகம்' (பூவின் நடுவே முகம்போலத் தெரியும் கருந்திட்டு) இயற்கை வரைந்தது என்று எழுதியிருந்தீர்கள். பாதிதான் உண்மை. அதன் காட்டு மூதாதைக்கு மெல்லிய கோடுகள் மட்டுமே உண்டு. 1830-களில் இங்கிலாந்தில் காம்பியர் பிரபுவின் தோட்டக்காரர் தாம்சன், தானாக முளைத்த ஒரு செடியில் அந்தக் கோடுகள் திட்டாகச் சேர்ந்திருப்பதைக் கண்டுபிடித்து, அந்தச் செடியை வளர்த்தார். இன்றைய முகம் அந்த வழியில் வந்தது.

உங்கள் மேலும் ஒரு சின்னக் குறை. பான்ஸி படம் போட்டது வெயில் தொடங்கும் வாரத்தில்! அதைப் பார்த்துத்தான் எல்லோரும் வாங்க ஓடுகிறோம். அடுத்த முறை குளிருக்கு முன்பே போடுங்கள், பூவில்லாத நாற்றின் படமானாலும் சரி.

இப்படிக்கு,
பன்னிரண்டு செடிகளைப் பறிகொடுத்த வாசகி