முதலில் .22, மற்றதெல்லாம் அப்புறம்

ஆஸ்டின்,
பிப்ரவரி 2026

அன்புள்ள மாப்பிள்ளை,

உன் கடிதம் பொங்கலுக்கு மறுநாளே வந்துவிட்டது. பதில் எழுத ஒரு மாதம் ஆனதற்குக் காரணம் சோம்பல்தான், வேறு சாக்கு சொல்லப் போவதில்லை. இங்கே எல்லாரும் நலம். மூத்தவளுக்கு டாலஸில் வேலை கிடைத்துவிட்டது. வீட்டுக்காரிக்கு முழங்கால் வலி விட்டுவிட்டு வருகிறது, மாடி ஏறுவதைக் குறைத்துக்கொண்டிருக்கிறாள். எனக்குக் காதில் அந்தச் சில்வண்டு இன்னும் கத்திக்கொண்டுதான் இருக்கிறது. அதைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். நீ கேட்ட துப்பாக்கி சைலன்சர் விஷயத்துக்கும் அதுக்கும் சம்பந்தம் உண்டு.

ஜார்ஜியாவில் பதினெட்டு ஏக்கர் வாங்கிவிட்டாய் என்று படித்ததும் சிரிப்பு வந்தது. ஹாஸ்டல் ஜன்னலில் இருந்த ஒரே துளசிச் செடிக்கும் தண்ணீர் ஊற்றாதவன் நீ. வாங்கிய முதல் மாதமே காட்டுப்பன்றி வந்து நிலத்தைக் கிளறிவிட்டுப் போனது என்று எழுதியிருந்தாயே, அதைப் படித்தபோது உங்கள் அப்பா நிலக்கடலைக் காட்டில் ராத்திரி தகரத்தைத் தட்டிக்கொண்டு காவல் இருந்தது ஞாபகம் வந்தது. கடல் தாண்டி வந்தும் பன்றி விடவில்லை பார்.

சரி, கேள்விக்கு வருகிறேன். கையில் ஒரு .22 ருகர் 10/22 ரைபிள், ஒரு 6.5 கிரீட்மூர் வேட்டைத் துப்பாக்கி, ஒரு 9 மி.மீ. பிஸ்டல். (.22, .30 என்று புள்ளி வைத்த எண்ணெல்லாம் குண்டின் விட்டம் ஏறக்குறைய எத்தனை அங்குலம் என்பது; 6.5, 9, 5.56 எல்லாம் மில்லிமீட்டர்.) அடுத்து ஓர் ஏஆர் ரைபிள் (5.56 மி.மீ.) வாங்கும் எண்ணம். இதற்கெல்லாம் எந்த அளவு சைலன்சர் வாங்குவது, .46 அளவில் எல்லாவற்றுக்கும் பொருந்துகிற மாதிரி ஒன்று வருகிறதே, அதை வாங்கி வேலையை முடித்துவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். ஒரே வரியில் சொன்னால், வேண்டாம். முதலில் .22-க்கு ஒன்று, அடுத்து .30-இல் ஒன்று. இப்போதைக்கு இரண்டே போதும். ஏன் என்று கேட்பாய், அதற்குத்தான் இத்தனை பக்கம்.

நம் ஊரில் சைலன்சர் என்றால் புல்லட் பைக்கில் காலைச் சுட்டுக்கொள்வதற்கு ஒரு குழாய், அவ்வளவுதான். உண்மையில் இரண்டும் பங்காளிகள். ஹைரம் பெர்சி மாக்சிம் என்பவர் துப்பாக்கி சைலன்சருக்குக் காப்புரிமை வாங்கியது 1909-இல். இயந்திரங்களின் இரைச்சலை அடக்கும் வேலையையும் அவர் செய்தார். அவருடைய அப்பா ஹைரம் மாக்சிம்தான் மாக்சிம் இயந்திரத் துப்பாக்கியைச் செய்தவர். தன் துப்பாக்கிச் சத்தத்தையே வருஷக்கணக்கில் கேட்டு, கடைசிக் காலத்தில் அவருக்குக் காது மந்தமாகிவிட்டது. அப்பா கிளப்பிய சத்தத்தை மகன் அடக்கப் பார்த்திருக்கிறார்.

என் சில்வண்டும் அந்த வகைதான். இருபது வருஷத்துக்கு முன், தகரக் கூரைக்குக் கீழே, காதில் எதுவும் வைக்காமல் ஒரே ஒரு வெடி. பக்கத்தில் நின்றவன் சுட்டது .308. அந்த மாதிரித் துப்பாக்கி 165 டெசிபல் வாக்கில் சத்தம் போடும். 140-ஐத் தாண்டினால் ஒரே வெடியில்கூடக் காது கெடலாம் என்பது பொதுவான கணக்கு. நல்ல சைலன்சர் 25, 30 டெசிபல் குறைக்கும். அதாவது 165 இருந்தது 135-க்கு வரும். சினிமாவில் வில்லன் சுடும்போது தும்மல் மாதிரி ஒரு சத்தம் வருமே, அப்படியெல்லாம் வராது. தீபாவளிக்கு அணுகுண்டு வைக்கிற இடத்தில் லட்சுமி வெடி வைத்தது போல, அவ்வளவுதான். காதடைப்பானைக் கழற்றிவிடாதே.

இன்னொன்றும் உண்டு. சைலன்சர் அடக்குவது குழல் வாயில் பீறிடும் வாயுவின் சத்தத்தை மட்டும். உள்ளே கூம்புத் தட்டுகள் வரிசையாக இருக்கும். வாயு அவற்றில் சுற்றிச் சுழன்று, சூடும் வேகமும் குறைந்து வெளியே வரும். ஆனால் குண்டு ஒலியை விட வேகமாகப் போனால், போகிற வழியெல்லாம் சாட்டை சொடுக்குவது போலச் சத்தம் எழும். அதை எந்தக் குழாயாலும் தடுக்க முடியாது. ஒலியின் வேகம் வினாடிக்கு ஏறக்குறைய 1,125 அடி. உன் 6.5 அதைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் ஓடும். எந்த அளவு வாங்குவது என்று யோசிக்கிறபோது முதலில் பார்க்க வேண்டியது இதுதான்.

அதனால்தான் .22-ஐ முதலில் வைக்கிறேன். ஒலி வேகத்துக்குக் கீழே போகிற தோட்டா அதற்கு எந்தக் கடையிலும் கிடைக்கும். சைலன்சரை மாட்டிச் சுட்டால் உனக்குக் கேட்பது துப்பாக்கியின் பூட்டு முன்னும் பின்னும் போய் வரும் ‘டக்’ சத்தமும், குண்டு தகரத்தில் படுகிற ‘டிங்’ சத்தமும்தான். முதல்முறை நான் சுட்டபோது தோட்டா வெடிக்கவில்லை என்று நினைத்துத் துப்பாக்கியைத் திறந்து பார்த்தேன். ஒரு டப்பா தோட்டா தீர்ந்தது தெரியாமல் சுடலாம், செலவும் கம்மி. குழாயும் கையடக்கம், ஐந்தாறு அங்குல நீளம், எடை ஒரு கைப்பிடிச் சாவிக்கொத்து அளவு. முந்நூறு நானூறு டாலரில் நல்லதாகவே கிடைக்கும். என்னிடம் இப்போது நான்கு இருக்கின்றன. மற்ற மூன்றையும் கூட்டினாலும் இந்த ஒன்றை எடுக்கிற அளவுக்கு எடுப்பதில்லை.

ஒரு தொல்லை உண்டு. .22-இல் பெரும்பாலும் மேலே உறையில்லாத வெறும் ஈயக் குண்டு. ஈயமும் கரியும் உள்ளே அப்பிக்கொள்ளும். அதனால் பிரித்துக் கழுவக்கூடியதாகப் பார்த்து வாங்கு. வினிகரும் ஹைட்ரஜன் பெராக்சைடும் கலந்து ஊறப்போட்டால் ஈயம் கழன்றுவிடும் என்று எவனாவது சொல்வான். கழலும், பொய்யில்லை. ஆனால் மிஞ்சுகிற தண்ணீர் ஈய அசிட்டேட், கொடிய விஷம். தோல் வழியாகவும் ஏறும். அந்தப் பக்கமே போகாதே. கையுறை போட்டுச் சுரண்டி எடு, அது போதும்.

இங்கே என் முட்டாள்தனம் ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், சிரித்துக்கொள். அமெரிக்காவில் .22, 5.56, 9 மி.மீ. மூன்றுக்கும் பெரும்பாலும் ஒரே மரைதான், அரை அங்குல விட்டம், அங்குலத்துக்கு 28 சுற்று. ஒன்றுக்கு வாங்கியது மற்றதில் அழகாக ஏறி உட்கார்ந்துவிடும். ஒரு சாயங்காலம் பேச்சுவாக்கில் .22 சைலன்சரை எடுத்து 9 மி.மீ. கார்பைனில் (குட்டை ரைபிளில்) திருகிவிட்டேன். தோட்டாவை ஏற்றப் போகிற நேரத்தில், இது ஏன் இவ்வளவு குட்டியாக இருக்கிறது என்று உறைத்தது. சுட்டிருந்தால் ஒன்பது மில்லிமீட்டர் குண்டு ஆறு மில்லிமீட்டர் ஓட்டையில் நுழையப் பார்த்திருக்கும். மரை பொருந்தியது, மரை கழன்றது எனக்குத்தான். அன்றிலிருந்து ஒவ்வொன்றிலும் வெள்ளை பெயிண்டில் பெரிதாக எண் எழுதி வைத்திருக்கிறேன். பெரிய ஓட்டையில் சின்னக் குண்டு போகலாம், மாறிப் போகக் கூடாது. வேறு எது மறந்தாலும் இதை மறக்காதே.

இரண்டாவது .30. பெரிய ஓட்டைக் கணக்கு இங்கேதான் உனக்கு லாபம். .308, .30-06, உன் 6.5, யாராவது கொடுத்துவிட்டுப் போன .243, நாளைக்கு வாங்கப் போகிற 5.56 ஏஆர், எல்லாம் இந்த ஒன்றிலேயே போகும். சின்னக் குண்டு போகும்போது ஓட்டையின் ஓரத்தில் கொஞ்சம் வாயு கூடுதலாகக் கசியும், இரண்டு மூன்று டெசிபல் ஏறும். உனக்கும் எனக்கும் இந்த வயதில் அந்த வித்தியாசம் தெரியப் போவதில்லை. விலை எழுநூறிலிருந்து ஆயிரத்து நூறு வரை போகும். வேட்டைக்கு என்றால் டைட்டானியம், குழல் முனையில் எடை தெரியாது. ஏஆரில் மளமளவென்று சுடப் போகிறாய் என்றால் ஸ்டெல்லைட், இன்கோனல் மாதிரி சூடு தாங்குகிற உலோகம். எந்தக் குழல் நீளம் வரை தாங்கும் என்று கம்பெனி எழுதியிருப்பதை வாங்குவதற்கு முன்னால் படி. குட்டைக் குழல் 5.56 உள்ளே கொடுக்கிற அழுத்தம் ரொம்ப முரட்டுத்தனமானது.

பன்றிக்கு என்றே யோசித்தால் இதே .30-இல் .300 பிளாக்அவுட் என்கிற தோட்டாவைச் சுடலாம். 220 கிரெய்ன் (ஏறக்குறைய 14 கிராம்) கனமான குண்டு, ஒலிக்குக் கீழே மெதுவாகப் போகும். கூட்டத்தில் ஒன்று விழுந்தால் மற்றவை எந்தத் திசையில் ஓடுவது என்று தெரியாமல் முழிக்கும். ஆனால் கிட்டப் போக வேண்டும். நூறு கஜத்துக்கு மேல் நான் முயற்சி செய்வதில்லை.

ஏஆரில் மாட்டும்போது ஒரு சிரமம். வெளியே போகாத வாயு துப்பாக்கிக்குள்ளேயே திரும்பி முகத்தில் அடிக்கும். தாளிக்கும்போது மிளகாய் கருகினால் கண் எரியுமே, அந்த எரிச்சல். வாயுவை முன்பக்கமாக ஓடவிடும் வகை சைலன்சர்கள் இப்போது நிறைய வந்துவிட்டன. ஏஆர்தான் அதிகம் சுடப் போகிறாய் என்றால் மூன்றாவதாக 5.56-க்கென்றே அப்படி ஒன்று வாங்கலாம், அவசரமில்லை.

பிஸ்டலுக்கு? எனக்கு அவ்வளவு உற்சாகமில்லை. மரை போட்ட குழல் தனியாக வாங்க வேண்டும். பிஸ்டலின் குழல் சுடும்போது சாய்ந்து எழுவதால், கனமான குழாய் தொங்கினால் அடுத்த தோட்டா ஏறாது, அதற்குச் சுருள்வில் வைத்த பூஸ்டர் வேறு. பார்வைக் குறி குழாய்க்குப் பின்னால் மறைந்துவிடும், அதையும் உயரமாக மாற்ற வேண்டும். வாங்கியே தீருவேன் என்றால் ஒரு யோசனை. .45 தோட்டா இயல்பிலேயே ஒலிக்குக் கீழே போவது. .45 சைலன்சரில் உள்ளிருக்கும் பிஸ்டனை மட்டும் மாற்றி 9 மி.மீ.-யும் சுடலாம். உன்னிடம் .45 இல்லை, வாங்கும் எண்ணமும் இல்லை என்றால் நேராக 9 போதும், 147 கிரெய்ன் குண்டு போட்டுச் சுடு.

இனி அந்த .46. அது கெட்ட சாமான் இல்லை. ஆனால் அந்த யோசனை பிறந்ததே வரியால் என்பது என் எண்ணம். 1934-இல் தேசியத் துப்பாக்கிச் சட்டம் வந்தபோது ஒவ்வொரு சைலன்சருக்கும் 200 டாலர் வரி போட்டார்கள். இன்றைய மதிப்பில் நாலாயிரத்துக்கும் மேல். தொண்ணூறு வருஷம் அந்த எண்ணைத் தொடவே இல்லை. ஒவ்வொன்றுக்கும் இருநூறு தண்டம் கட்ட வேண்டும், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும் என்றால் எவனும் ஒன்றை வாங்கி எல்லாவற்றுக்கும் மாட்டத்தான் பார்ப்பான். நானும் அப்படித்தான் முதலில் .46 வாங்கினேன். 6.5-க்கு அது ஓட்டை பெரிசு, .22-க்கு யானைக்குக் கட்டுகிற மணி. எல்லாருக்கும் பொருந்துகிற மாதிரி தைத்த சட்டை எவனுக்கும் பொருந்தாது என்று எங்கள் ஊர் டெய்லர் சொல்வார். போன வருஷம் ஜூலையில் போட்ட சட்டத்தின்படி இந்த ஜனவரி 1 முதல் அந்த வரி பூஜ்யம். ஆகவே பழைய கணக்கு காலாவதி. .22-க்கு ஒன்று, .30-க்கு ஒன்று என்று தனித்தனியாக வாங்கினாலும் ஒரு நல்ல .46-இன் விலையை விடக் கொஞ்சம்தான் கூட ஆகும்.

வரி போனதே தவிர மற்ற சடங்கு அப்படியே இருக்கிறது. படிவம் 4, கைரேகை, போட்டோ, பின்னணிச் சோதனை, ஏடிஎஃப் என்கிற மத்திய அரசுத் துறையின் ஒப்புதல். உன் பெயரில் மட்டும் பதிந்தால் நீ பக்கத்தில் இல்லாதபோது தங்கச்சி அதைக் கையில் வைத்திருக்கக் கூடாது. டிரஸ்ட் போட்டால் இரண்டு பேர் பெயரும் சேரும், இரண்டு பேரும் கைரேகை கொடுக்க வேண்டும். அறக்கட்டளை என்றதும் என் அம்மா போனில், அன்னதானமா என்று கேட்டாள். விற்பதும் சுலபமில்லை, வாங்குபவனும் இதே சடங்கு எல்லாம் செய்தாக வேண்டும். அதனால் மலிவு என்று எதையும் வாங்கிவிடாதே. ஓய்வுக்குப் பிறகு பையனோடு கலிபோர்னியாவில் இருக்கலாம் என்று எழுதியிருந்தாயே, அங்கே இது கூடவே கூடாது. நியூயார்க், நியூ ஜெர்சி, இல்லினாய் என்று மொத்தம் எட்டு மாநிலங்களில் அப்படித்தான். உன் ஜார்ஜியாவில் வேட்டைக்கும் அனுமதி உண்டு, எங்கள் டெக்சஸைப் போலவே.

ஏப்ரலில் நான்கு நாள் லீவு எடுத்துக்கொண்டு வருகிறேன். என் .22, .30 சைலன்சர் இரண்டையும் கொண்டுவருகிறேன், சுட்டுப் பார்த்துவிட்டு ஆர்டர் போடு. அதற்குள் ஒரு வேலை செய். உன் ருகரின் குழல் முனையில் மூடி ஏதாவது திருகியிருக்கிறதா என்று பார். இருந்தால் உள்ளே மரை இருக்கிறது என்று அர்த்தம். 6.5-க்கு அநேகமாக எட்டில் ஐந்து அங்குலம், அங்குலத்துக்கு 24 சுற்று மரை இருக்கும், அதையும் அளந்து பார்த்து எழுது. தங்கச்சியிடம் கேட்டதாகச் சொல். வரும்போது முறுக்கு கொண்டுவரட்டுமா, தட்டையா?

உன் பழைய அறைக்காரன்