புகையிலை விதை என்று வந்தது பூச்செடி விதை: விதை நிறுவனத்துக்கு ஒரு புகார் கடிதம்

அனுப்புநர்:
உங்கள் வாடிக்கையாளர்,
கொழிஞ்சாம்பாறை, சித்தூர் தாலுகா, பாலக்காடு மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு.

பொருள்: மெல்லும் புகையிலை என்று அச்சிட்ட பொட்டலத்தில் வேறு செடியின் விதை இருந்தது குறித்து.

ஐயா / அம்மா,

உங்களிடம் ஆன்லைனில் 'நாட்டு மெல்லும் புகையிலை' விதை வாங்கினேன். புரட்டாசியில் நாற்றுவிட்டு, ஐப்பசிக் கடைசியில் வீட்டுத் தோட்டத்தில் நட்டேன். வளர்ந்து நிற்பது புகையிலை இல்லை. பூவுக்காக வளர்க்கும் அலங்காரச் செடி.

எனக்குப் புகையிலை எதற்கு என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் பக்கத்தில் பயறு, அவரைக் கொடிகளில் சாறு உறிஞ்சும் அசுவினிப் பூச்சி வந்தால் புகையிலைக் கஷாயம்தான் அடிப்போம். அரை கிலோ புகையிலையை நாலரை லிட்டர் தண்ணீரில் ஒரு நாள் ஊறவைத்து, 120 கிராம் பார் சோப்பைச் சீவிக் கரைத்துச் சேர்த்து, வடிகட்டி, ஆறேழு மடங்கு தண்ணீர் கலந்து தெளிப்பது. கிருஷி பவன் என்ற எங்கள் வேளாண் அலுவலகத்தில் கேட்டாலும் இதைத்தான் சொல்வார்கள். கடைச் சரக்கை நம்பாமல் சொந்த இலையில் செய்யலாம் என்றுதான் விதை வாங்கினேன். அசுவினி சரியாக வந்துவிட்டது. கஷாயத்துக்கு இலைதான் இல்லை.

உங்கள் வாடிக்கையாளர் சேவையில் பேசியவர் இரண்டு காரணம் சொன்னார். இரண்டையும் நான் ஏற்கவில்லை.

முதலில், "மண்ணைப் பொறுத்துப் பூ மாறும்" என்றார். நான் நிறத்தை மட்டும் பார்த்துச் சொல்லவில்லை. மெல்லும் புகையிலை ஆளுயரத்துக்கு வரும் செடி. இலை முழங்கை நீளத்துக்கு மேல் போகும், பூ பகலிலும் விரிந்து இளஞ்சிவப்பாக இருக்கும். என் பாத்தியில் இருப்பது இடுப்புக்கும் கீழே. இலை சிறியது. வெள்ளைப் பூ பகலில் சுருண்டு கிடந்து, பொழுது சாய்ந்ததும் விரிந்து மணக்கிறது. இது நிக்கோட்டியானா அலாட்டா என்ற தோட்டப் பூச்செடியின் குணம். எங்கள் ஊர்க் கரிசல் மண் ஒரு செடியை இன்னொரு இனமாக மாற்றிவிடாது.

அடுத்து, "இலை பிசுபிசு என்று ஒட்டுகிறதே, அதுதான் புகையிலை" என்றார். அந்தப் பிசுபிசுப்பு இந்தப் பேரினத்தில் பல செடிகளுக்கும் உண்டு. அதை வைத்து இனம் சொல்ல முடியாது.

விதையைப் பார்த்தே கண்டுபிடித்திருக்கலாமே என்று நீங்கள் கேட்கவும் வழியில்லை. புகையிலை விதை ஒரு கிராமில் 10,000-க்கு மேல் இருக்கும். இந்தப் பூச்செடியின் விதையும் அதே மாதிரி தூள்தான். வாங்குகிறவர் நம்புவதற்கு உறையில் அச்சிட்டிருக்கும் எழுத்து ஒன்றுதான் இருக்கிறது. அந்த உறையில் ரகத்தின் பெயர் இல்லை, எந்தத் தொகுதி விதை என்று காட்டும் குவியல் எண் (லாட் நம்பர்) இல்லை, முளைப்புத்திறன் சோதித்த நாளும் இல்லை. வேடசந்தூர் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட பாக்கியலட்சுமி, அபிராமி என்று மெல்லும் புகையிலைக்குப் பெயருள்ள ரகங்கள் இருக்கின்றன. உங்கள் 'நாட்டு' எந்த ரகம்?

எனக்கு இதைவிடப் பெரிய கவலை ஒன்று இருக்கிறது. உங்கள் கிடங்கில் இரண்டு விதையும் இடம் மாறியிருந்தால், பூச்செடி என்று வாங்கிய யாரோ ஒருவர் இப்போது வாசலில் புகையிலை வளர்க்கிறார். குழந்தை இலையைக் கடிக்கலாம், கட்டியிருக்கும் ஆடு மேயலாம். ஈரமான புகையிலை இலையைக் கையாண்டாலே நிக்கோட்டின் தோல் வழியாக ஏறித் தலைசுற்றலும் வாந்தியும் வரும். பூச்செடியும் நஞ்சுதான். அப்படியிருக்க, உறையில் எச்சரிக்கையாக ஒரு வரி கூட இல்லை.

அதனால் நான் கேட்பது: அந்தச் சரக்கை விற்பனையிலிருந்து உடனே எடுங்கள். அதே சமயத்தில் இந்த இரண்டு விதையில் எதை வாங்கியவராக இருந்தாலும் தகவல் சொல்லுங்கள். எனக்கு விதையின் விலையையும் அனுப்பும் செலவையும் திருப்பித் தாருங்கள். ஒரு பருவமே போனதற்கு என்ன ஈடு என்பதை நீங்களே எழுத்தில் சொல்லுங்கள். மாற்று விதை அனுப்புவதானால் ரகப்பெயரும் குவியல் எண்ணும் இருந்தால் மட்டும் அனுப்புங்கள். இல்லையென்றால் வேண்டாம்.

விதை வாங்கும் விவசாயியும் நுகர்வோர்தான் என்று உச்ச நீதிமன்றம் 2012-இல் சொல்லியிருக்கிறது. 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நான் வசிக்கும் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 15 நாளில் எழுத்துப்பூர்வமான பதில் வராவிட்டால் பாலக்காடு மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன்.

மீதி விதை உறையிலேயே பத்திரமாக இருக்கிறது. சோதனைக்குக் கேட்டால் பாதியை அனுப்புகிறேன், மீதிப் பாதி என்னிடமே இருக்கும். செடிகளையும் உங்கள் பதில் வரும்வரை பிடுங்கமாட்டேன். ஆள் அனுப்பிப் பார்க்கலாம். பூ விரிந்திருப்பதைப் பார்க்க வேண்டுமானால் சாயங்காலம் வரச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாடிக்கையாளர்

இணைப்பு: ரசீது நகல், உறையின் இரு பக்கப் படங்கள், இலை மற்றும் பூவின் படங்கள்.